காசுக்கல்லும் பூப்பலகையும்: டெர்பிஷயரில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

மூன்று மாதம் தங்கலாம் என்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தவன், ஒன்றரை மாதத்திலேயே அவள் தோட்டத்துக் களையை எல்லாம் பிடுங்கி முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு வேலியை நோட்டம் விட ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, கொஞ்சம் எங்கேயாவது போய்ட்டுதான் வாங்களேன்" என்றாள். அது என் மேல் உள்ள கரிசனமா, வேலி மேல் உள்ள கரிசனமா என்று நான் ஆராயவில்லை. ஷெஃபீல்டிலிருந்து மேற்கே ரயிலேறினால் அரை மணி நேரத்தில் டெர்பிஷயர் மலைக் கிராமங்கள் வந்துவிடும். அங்கே ஐந்து நாள் என்று முடிவாயிற்று. தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

ஊர் முடிந்ததும் டோட்லி சுரங்கப்பாதை. 1893-இல் கட்டி முடித்தது, ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்குச் சுரங்கம் என்றால் கை தானாகக் கடிகாரத்துக்குப் போகும். நான் கணக்குப் பார்த்து முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. இருட்டில் நுழையும்போது நகரம், வெளியே வந்தால் செம்மறி ஆடும் கல்வேலியும். நடுவில் இடைப்பட்ட ஊர் என்று ஒன்றுமே இல்லை. சட்டென்று யாரோ பக்கத்தைத் திருப்பினாற்போல இருந்தது.

இறங்கிய இடம் பாம்ஃபோர்டு. அறை எடுத்திருந்த வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், "கம் இன், டக்" என்றார். டக் என்றால் வாத்து. திரும்பிப் பார்த்தேன், பின்னால் வாத்து எதுவும் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் 'கண்ணு', 'ராசா' என்று நாம் சொல்வதை இவர்கள் 'டக்' என்கிறார்கள். அறுபத்து மூன்று வயதில் என்னை ஒருவர் வாத்தே என்று கூப்பிட்டது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். சமையலறை ஜன்னலோரம் அவருடைய தாயார் உட்கார்ந்திருந்தார். 1938-இல் பிறந்தவர். நடை மட்டும்தான் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நான் மனதுக்குள் அவருக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். நான் அணைக்கட்டு வேலை பார்த்தவன் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா நீங்களும் ஊரை முழுகடிக்கிற கூட்டந்தானா?" என்றார். மகள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் கோயில் பக்கம் நடந்தேன். பாம்ஃபோர்டு தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் வேறு ஊர்க்காரர்களும் கிடக்கிறார்கள். லேடிபவர் அணைக்காக டெர்வென்ட் என்ற கிராமம் தண்ணீருக்குள் போனபோது, அங்கே புதைத்திருந்தவர்களைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து மறுபடி புதைத்தார்கள். புல் ஒரே சீராக வெட்டியிருந்தது. யார் சொந்த ஊர்க்காரர், யார் வந்தேறி என்று புல்லைப் பார்த்தால் தெரியவில்லை.

ராத்திரி ஓட்கேக் கிடைத்தது. கேக் என்ற பெயரை நம்பாதீர்கள். ஓட்ஸ் மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்துக் கல்லில் வார்க்கிறார்கள். சுத்தமான தோசை. பன்றிக்கறியோடு சாப்பிடுவது வழக்கமாம். நான் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டித் தின்றேன். சட்னி இல்லாத குறை ஒன்றுதான்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் காரில் கிளம்பினோம். பெரியம்மா முன் சீட்டில், வழிகாட்டி அவர்தான்.

பாம்ஃபோர்டைத் தாண்டியதும், அணைக்கு நேர் கீழே, யார்க்‌ஷயர் பிரிட்ஜ் என்ற சின்னக் குடியிருப்பு. வரிசையாகக் கல்வீடுகள். டெர்வென்ட், ஆஷாப்டன் என்ற இரண்டு கிராமத்துக்காரர்களுக்காக நீர்வாரியம் கட்டிக் கொடுத்தவை. பெரியம்மா ஆஷாப்டனில் பிறந்தவர். "ஆஷாப்டன்னா எனக்கு ஒரு வாசப்படி மட்டுந்தான் ஞாபகம். அதுல ஒக்காந்து கோழிக்குத் தீனி போட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் முழுகிப்போன கிராமத்தைப் பற்றி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்பார்களாம். "எங்கம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. புது வீட்டுல குளிக்கிற அறை, வீட்டுக்குள்ளயே குழாய். தண்ணி தூக்கித் தூக்கித் தோள்பட்டை போன பொம்பள அவ. குழாயைத் தொறந்தா ஆஷாப்டன் வருதுன்னு எங்கப்பா கிண்டல் பண்ணுவாரு. அவருக்குத்தான் துக்கம். அவரு ஒருநாளும் குடம் தூக்கல."

இதை எந்தத் தகவல் பலகையிலும் நான் படிக்கவில்லை.

லேடிபவர் அணை 1935-இல் ஆரம்பித்து 1943-இல் முடிந்தது. மண் அணை, நடுவில் களிமண் சுவர். நிரம்பிய பிறகு 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்துவைத்தார். ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்காம், லெஸ்டர் ஆகிய நகரங்களுக்குத் தண்ணீர் போகிறது. உபரி நீருக்குக் கலிங்கு கட்டாமல், நீர்த்தேக்கத்துக்குள்ளேயே கல்லால் இரண்டு பெரிய வட்டக் குழிகள் கட்டியிருக்கிறார்கள். நீர் விளிம்பைத் தொட்டால் சுற்றிலும் வழிந்து உள்ளே இறங்கும். ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'குளியல்தொட்டி ஓட்டை'. இந்தக் கோடையில் மழை குறைவு. விளிம்புக்கு வெகு கீழே தண்ணீர் கிடந்தது. குழிகள் சும்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வேலை செய்யாத கலிங்கைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம்.

தண்ணீர் இறங்கியிருக்கிறதே, கிராமம் தெரியுமா என்று கேட்டேன். ஆஷாப்டன் எந்த வறட்சியிலும் தெரியாது, வண்டலுக்கு அடியில் போய்விட்டது. அதற்கு மேலே இப்போது நெடுஞ்சாலைப் பாலம் ஓடுகிறது. நாங்கள் அதன் மேல்தான் போனோம். டெர்வென்ட் கிராமம் மட்டும் 1976, 1995, 2018 போன்ற வறட்சி வருஷங்களில் தலைகாட்டியிருக்கிறது. இந்தத் தடவை நான் பார்த்தது வெடித்த சேறும் ஒரு துண்டுக் கல்சுவரும்தான். அது வீட்டுச் சுவரா, வயல் வேலியா என்று கூடத் தெரியவில்லை.

எனக்கு இது புதிய காட்சி இல்லை. நான் வளர்ந்தது மேட்டூர். அந்த அணை 1934-இல் முடிந்தது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே வரும், பழைய தேவாலயக் கோபுரமும் வரும். சின்ன வயதில் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய், சேற்றில் ஓர் இடத்தைக் காட்டி "இதான் நம்ம களம்" என்பாள். அடுத்த வருஷம் வேறோர் இடத்தைக் காட்டி அதையே சொல்வாள். அப்பா சிரிப்பார். நான் இரண்டு இடத்தையும் நம்பினேன்.

டெர்வென்ட் தேவாலயத்தின் ஊசிக்கோபுரத்தை மட்டும் நினைவாக இருக்கட்டும் என்று இடிக்காமல் விட்டிருந்தார்கள். ஏரி நிரம்பிய பிறகு தண்ணீருக்கு நடுவே அது மட்டும் நின்றது. ஆட்கள் நீந்திப்போய்த் தொட ஆரம்பித்தார்கள். ஆபத்து என்று சொல்லி 1947 டிசம்பர் 15 அன்று வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கரையோரம் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கதை சொன்னார்.

மிட்டாய்க்கெல்லாம் ரேஷன் இருந்த காலம். அப்பா பாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு கெட்டி மிட்டாயை எடுத்துக் கொடுத்து, "வெடிக்கிறப்ப வாயில போட்டுக்கோ, பயமா இருக்காது" என்றாராம். இவருக்குப் பொறுக்கவில்லை, முன்கூட்டியே போட்டுக்கொண்டார். சத்தம் கேட்ட அதிர்ச்சியில் நறுக்கென்று கடிக்க, ஆடிக்கொண்டிருந்த பல் மிட்டாயோடு சேர்ந்து வந்துவிட்டது. "எல்லாரும் கோபுரத்தைப் பாத்துட்டு நிக்கிறாங்க. நான் கையில ரத்தத்தோட பல்லை வெச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல. கோபுரம் விழுந்ததை நான் பாக்கவே இல்லைங்க. ஊரெல்லாம் என்கிட்ட அதைக் கேக்குது. நான் பல்லைத்தான் பாத்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வீடு மாறணுமா, கோபுரம் இருக்கணுமான்னு எங்களை யாரு கேட்டா? பெரியவங்களைக் கேட்டாங்களாங்கிறதே சந்தேகம். பிள்ளைங்களை யாரு கேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று பார்ப்பது போல மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மேலே டெர்வென்ட் அணை வரை போனோம். இதுவும் இதற்கு மேலே உள்ள ஹௌடன் அணையும் கல் அணைகள், கோட்டை போல இரண்டு பக்கமும் கோபுரங்கள். 1943-இல் விமானப்படையின் 617-ஆம் பிரிவு ஜெர்மனி அணைகளைத் தாக்கப் பழகியது இந்த ஏரி மேல்தான் என்று பெரிய பலகை இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது இந்த அணைகளைக் கட்டிய கூலிக்காரர்கள் வாழ்ந்த பிர்ச்சின்லீ. 1901-இல் தொடங்கிய ஊர், வீடெல்லாம் நெளிதகரம். 'தகர ஊர்' என்றே பெயர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகள் எல்லாம் இருந்தன. வேலை முடிந்ததும் ஊரைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்?

அணைக்கரையில் ஒரு நாய்க்கு நினைவுக்கல். பெயர் டிப். 1953 டிசம்பரில் அதன் எஜமானர், வயதான இடையர், மேய்ச்சல் மலையில் இறந்துபோனார். பதினைந்து வாரம் கழித்து உடலைக் கண்டெடுத்தபோது நாய் பக்கத்திலேயே உயிரோடு கிடந்தது. பெரியம்மா அந்த நாயைத் தொட்டிருக்கிறாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நாய் மாதிரிதான்" என்றார்.

மூன்றாம் நாள், வெள்ளி

ஈம் கிராமம். எழுத்தைப் பார்த்து 'எயாம்' என்று சொல்லிப் பேருந்து ஓட்டுநரிடம் ஏற்கெனவே ஒருமுறை மூக்குடைபட்டவன் நான். ஈம், அவ்வளவுதான்.

கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி மேட்டில் நடந்தேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ரைலி கல்லறைகள். வயல் நடுவே வட்டமாக ஒரு கல்சுவர், உள்ளே ஏழு பேருக்கான கற்கள். 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் தன் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் இங்கே தன் கையாலேயே புதைத்தாள். உதவிக்கு வர ஆள் கிடையாது. அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே புதைக்க வேண்டும் என்று ஊர்க்கட்டுப்பாடு. கடைசியில் ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த மகன் ஒருவன் மிஞ்சினான், அவனிடம் போய்ச் சேர்ந்தாள். சுவருக்குள் ஐந்து நிமிஷம்கூட என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து செம்மறி ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடந்த கதை இது. 1665 கோடையின் முடிவில் லண்டனிலிருந்து இந்த ஊர்த் தையல்காரருக்கு ஒரு துணி மூட்டை வந்தது. ஈரமாக இருந்ததால் உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் பிரித்து நெருப்பருகே காயப்போட்டான். துணியில் பிளேக் தெள்ளுப்பூச்சி. செப்டம்பர் 7 அன்று அவனுக்குச் சாவு. பிறகு வீடு வீடாகப் பரவியது. குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கி, அடுத்த கோடையில் மறுபடி சீறியது. 1666 ஜூனில், வயது முப்பதுகூட ஆகாத பாதிரியார் வில்லியம் மாம்பெசன், தமக்கு முன்பு அங்கே இருந்து பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் மதக் கொள்கையில் ஆகாது. ஊர் தன்னைத்தானே அடைத்துக்கொள்ள வேண்டும், யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று இருவரும் சேர்ந்து ஜனங்களைச் சம்மதிக்க வைத்தார்கள். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, ஓடைப் பள்ளத்தில் திறந்தவெளியில் இடைவெளி விட்டு நின்று பிரார்த்தனை. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்த டெவன்ஷயர் பிரபு எல்லையில் உணவு வைக்க ஏற்பாடு செய்தார்.

நம் ஊர்ப்பக்கம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் ராத் தங்கக் கூடாது என்பார்கள். ஈம் பதினான்கு மாதம் பிளேக்கில் கிடந்தது, அதில் கடைசி நாலைந்து மாதம் காப்புக் கட்டின ஊர். கடைசிச் சாவு 1666 நவம்பர் 1. மாம்பெசன் அந்த மாதமே எழுதிய கடிதத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறார்: 76 குடும்பங்களில் நோய், 259 பேர் இறந்தார்கள். ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்பதில் சண்டை இருக்கிறது. 350 என்பது பழைய பேச்சு, எழுநூறுக்கு மேல் என்பது பிறகு வந்தவர்கள் போட்ட கணக்கு. எது சரியானாலும் தேவாலயத்தில் தொங்கும் பெயர்ப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிறது.

தியாகம், தியாகம் என்று ஊர் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாம்பெசன் ஊரை அடைப்பதற்கு முன் தம் இரண்டு குழந்தைகளையும் யார்க்‌ஷயருக்கு அனுப்பிவிட்டார். மனைவி கேத்தரின் போகவில்லை, கூடவே இருந்து நோயாளிகளைப் பார்த்து, ஆகஸ்டில் 27 வயதில் இறந்தாள். குழந்தைகளை அனுப்பியதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அனுப்பியிருப்பேன். வசதி இருந்தவர்கள் பலர் முன்கூட்டியே கிளம்பிப் போனார்கள். ஹான்காக் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு யார்க்‌ஷயர் இல்லை. 'எங்களை யாரு கேட்டா' என்று நேற்று பெரியம்மா சொன்னது இங்கே வந்தும் காதில் விழுந்தது.

போதும், நல்ல விஷயத்துக்கு வருகிறேன். ஊர்க் கிணறுகளைப் பூவால் செய்த படப்பலகை வைத்து அலங்கரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூப்பலகை ஏற வேண்டும், ஒரு கொட்டகையில் வேலை மும்முரம். ஆள் உயரப் பலகைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, உப்புக் கலந்து குழைத்த ஈரக்களிமண்ணை இரண்டு விரல்கடை கனத்துக்குப் பூசியிருந்தார்கள். படம் வரைந்த காகிதத்தை அதன் மேல் விரித்து ஊசியால் குத்திக் கோட்டை இறக்குகிறார்கள். கோட்டு மேல் ஆல்டர் மரத்தின் கறுப்புக் காய்களைப் பதிக்கிறார்கள். நிறம் வாடாத பாசி, விதை எல்லாம் அதற்கப்புறம். பூவிதழ் கடைசியில்தான். நம் கோலக்காரிகள் பார்த்தால் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓரமாக நின்ற என்னை ஒரு பெரியவர் கூப்பிட்டார். ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமம் எடுக்கும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், கட்டைவிரல் நகம் ஒன்று பாதிதான் இருந்தது. கையில் ஒரு கிண்ணம் நீல ஹைட்ரேஞ்சியா இதழைக் கொடுத்து, கீழே வலது மூலையில் ஒரு சாண் நீளப் பட்டையைக் காட்டினார். உற்சாகமாக மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு வரிசை முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். கீழ் வரிசையில்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். மேல் இதழ் கீழ் இதழின் தலை மேல் படிய வேண்டும், ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் மழை உள்ளே போகாமல் வழியும். அணைக்கட்டுப் பொறியாளருக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி நீர்வடிகால் பாடம் நடத்தினார். பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டட்டுமா என்றேன். "இருக்கட்டும் டக், யாரு மூலையைப் பாக்கப்போறா" என்றார்.

அவர் இதே ஊரில் பிறந்தவர். அம்மா உள்ளூர்ச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். அந்த நாளில் இங்கே அப்படிச் சில இருந்தன. சின்ன வயதில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டேன். "பிளேக்" என்றார். ஒருவன் மாம்பெசன், ஒருவன் எல்லை தாண்டி ஓடப் பார்க்கிறவன், மற்றவர்கள் பிணம். பிணமாக நடிக்கத்தான் போட்டி, ஏனென்றால் புல்லில் படுத்துக்கொண்டே இருக்கலாம். ரைலி சுவரைத் தொட்டுவிட்டு ஓடிவர வேண்டும், தொட்டவனை அன்று முழுக்க யாரும் தொடக் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும் இடத்தில் உள்ளூர்ப் பொடியன்கள் தொட்டுப்பிடித்து விளையாடியிருக்கிறார்கள்.

சாயங்காலம் எல்லைக்கல்லைப் பார்க்கப் போனேன். ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்வழியில் இருக்கிறது. பெரிய கல் ஒன்றில் குழிகள். அவற்றில் வினிகர் ஊற்றிக் காசு போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாமான் வைப்பார்கள். குழியின் விளிம்பு வழவழவென்று இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விரலைவிட்டுத் தேய்த்தது என்கிறார்கள். நானும் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரை போயிற்று. உள்ளே மழைத்தண்ணீர், சில்லென்று இருந்தது.

திரும்பும் வழியில் அருங்காட்சியகக் கூரையைப் பார்த்தேன். காற்றுத் திசை காட்டியில் சேவலுக்குப் பதிலாக எலி நிற்கிறது.

நான்காம் நாள், சனி

சுருக்கமாகத்தான் எழுதப்போகிறேன், கால் வலி.

குரோம்ஃபோர்டு போக வேண்டும். பேக்வெல்லில் பேருந்து மாற வேண்டிய இடத்தில் அந்த ஊர்ப் பலகாரமான பேக்வெல் புட்டிங் வாங்க வரிசையில் நின்று பேருந்தை விட்டேன். அடியில் மொறுமொறு மாவு, நடுவில் ஜாம், மேலே முட்டையும் பாதாமும். நல்லாத்தான் இருந்தது. ஒரு மணி நேரப் பேருந்து நிறுத்த வாசத்துக்குத் தகுமா என்றால், தகாது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈமில் அவர்கள் பலகைகளை நிறுத்திக்கொண்டிருக்கும் நேரம் அது. என் நினைப்பெல்லாம் அந்த வலது மூலையில் இருந்தது.

குரோம்ஃபோர்டில் 1771-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் நீர்விசையால் ஓடும் பஞ்சு நூற்பாலையை ஆரம்பித்தார். பிரஸ்டனில் பிறந்து, சவரமும் பொய்முடியுமாகத் தொழில் நடத்தியவர். சாலைப் பக்கம் பார்த்தால் ஆலை மாதிரி இல்லை, சிறைச்சாலை மாதிரி இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது, இயந்திரங்களை உடைக்கக் கும்பல் வரும் என்ற பயம். இங்கிலாந்தில் இந்தியச் சீட்டித் துணிக்கு அப்படி ஒரு மோகம் இருந்து, 1721-இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்ததும் உண்டு. அப்படிப்பட்ட பருத்தித் துணியைத் தாங்களே செய்ய வழி கண்டுபிடித்த இடங்களில் இது முக்கியமானது. கீழே ஓடை அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன ஓடையா என்று ஆச்சரியமாக இருந்தது. பக்கத்து ஈயச் சுரங்கங்களின் வடிகால் நீரையும் சேர்த்துக்கொண்டார்களாம். கெட்டிக்காரர்கள்.

1776 வாக்கில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகள் இன்றும் நிற்கின்றன. மூன்று மாடி, உச்சியில் தறி போட நீளமான ஜன்னல்கள். பெண்டு பிள்ளைகள் ஆலைக்குப் போக, ஆண்கள் மாடியில் நெய்தார்கள். ஆலையில் ஏழு வயதிலிருந்து வேலை, பிற்பாடு அது பத்தாயிற்று. ஆர்க்ரைட்டின் கடைசிக் காலத்தில் இருந்த 1,150 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள். விடியற்காலை ஐந்துக்கு மணி, ஆறுக்குக் கதவு சாத்திவிடுவார்கள். பிந்தினால் அன்றைய கூலியும் போகும், தண்டமாக இன்னொரு நாள் கூலியும் போகும்.

வருஷத்துக்கு ஒரு வாரம் விடுமுறை உண்டு. ஆனால் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. படித்ததும் ஈம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

ஆகஸ்டின் கடைசி ஞாயிறு, பிளேக் ஞாயிறு. மூன்றரை நூற்றாண்டுக்கு முன் தேவாலயத்தைப் பூட்டிவிட்டுக் கும்பிட்ட அதே பள்ளத்துக்கு ஊர் ஊர்வலமாகப் போகிறது. பெரியம்மாவும் வருவேன் என்று அடம்பிடித்தார். சக்கர நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி, புல்மேடு வரை தள்ளிக்கொண்டு போனோம். அதற்குக் கீழே சரிவு. மேலேயே நின்றுகொண்டோம்.

கேத்தரின் மாம்பெசனின் கல்லறையில் ரோஜா வளையம் வைத்திருந்தார்கள். அதற்குச் சில அடி தள்ளி எட்டாம் நூற்றாண்டுச் சாக்சன் சிலுவை ஒன்று, தேய்ந்த சிற்பத்தோடு. பிளேக் வந்தபோதே அதற்கு ஒன்பது நூறு வயதுக்குக் கிட்ட. அதையும் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதட்டவில்லை.

கக்லெட் பள்ளம் என்பது சுண்ணாம்புப் பாறை வளைவும் புல்லும் சேர்ந்த ஒரு கிண்ணம். பாதிரியார் கீழே நின்று பேசுவது மேலே வரை கேட்டது, ஒலிபெருக்கியே தேவையில்லை போல அமைந்த இடம். பாட்டு ஆரம்பித்ததும் பெரியம்மா நாற்காலியில் இருந்தபடியே உரக்கப் பாடினார். சுருதி சேரவில்லை. அவரைப் போலவே சேராத இன்னொரு குரல் எங்களுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினால் சுரங்கப் பெரியவர். இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கமில்லை. பாட்டு முடிந்ததும் யார் எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு எந்த வாத்தியார் அடித்தார் என்று ஆரம்பித்தார்கள். பிரசங்கத்தின் பிற்பகுதி எனக்குக் கேட்கவில்லை, இவர்கள் பேச்சுதான் கேட்டது. அவர் பிணமாக நடித்த கதையைச் சொல்ல, இவர் பல் விழுந்த கதையைச் சொன்னார். "அந்தப் பல்லை என்ன பண்ணீங்க?" என்று அவர் கேட்டார். எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். "தண்ணிக்குள்ள எறிஞ்சுட்டேன். வேற என்ன பண்றது? எங்க வீடும் அங்கதானே இருக்கு" என்றார் பெரியம்மா.

எல்லாம் கலைந்ததும் பூப்பலகையைப் பார்க்கப் போனோம். கூட்டம். நேற்று ராத்திரியும் மழை நன்றாகப் பெய்திருந்தது. படத்தின் நடுவில் மஞ்சள் இதழ்கள் ஓரம் சுருங்கி, களிமண் மெலிதாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயமாம். நான் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போய்க் குனிந்து வலது மூலையைப் பார்த்தேன். ஒரு சாண் நீல வரிசை, ஓர் இதழ்கூட விழவில்லை. ஓடு வேய்ந்தாற்போல மேல் இதழ் கீழ் இதழின் தலை மேல் அழகாகப் படிந்திருந்தது.

திரும்பிப் பெரியவரைப் பார்த்தேன். அவர் பெரியம்மாவிடம் ஆல்டர் காய் எங்கே நிறையக் கிடைக்கும் என்று மிகவும் தீவிரமாக விளக்கிக்கொண்டிருந்தார்.